பதினொரு கிலோ அதிகம்

ஒரு பெட்டியைக் கையில் தூக்கினால் அதன் எடையை அரைக் கிலோ முன்பின்னாகச் சொல்லிவிடுவேன். இதைத் திறமை என்று யாரும் மெச்ச வேண்டாம். நாலு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்தால் யாருக்கும் இது வந்துவிடும். வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் தூக்கிப் பாருங்களேன்" என்பார்கள். தூக்கிப் பார்த்து எடையைச் சொல்வேன். சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். கூடுகிற எடைக்காக எதை எடுத்து வெளியே வைக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பினாங்கு விமான நிலையத்தில் ஒரு சிறிய விமானக் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். அதன் பெயரைச் சொன்னாலும் இன்று யாருக்கும் நினைவிருக்காது. சொந்தமாக ஒரு விமானம்கூட இல்லாத கம்பெனி அது. ஒன்றை வாடகைக்கு எடுத்து வாரத்துக்கு இரண்டு முறை மெட்ராசுக்கு ஓட்டியது. டிக்கெட் விலை மற்றவர்கள் கேட்டதில் பாதிதான். எஸ்டேட்டில் இருந்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள், தொழிற்சாலைப் பெண்கள் என்று கப்பல் நின்றுபோனதிலிருந்து ஊர்ப்பக்கமே போகாமல் இருந்தவர்களெல்லாம் கிளம்பி வந்தார்கள். எனக்கு அதற்கு முன்பு பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் வேலை. உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு தலைமுடியை விட மெல்லிய கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். அதிலிருந்து தப்பித்து, நீலச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்கிற வேலை கிடைத்தபோது சொர்க்கம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு மாதம் தாங்கியது.

எங்கள் மேலாளர் கோலாலம்பூரிலிருந்து வந்தவர், தமிழர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். முதல் வாரத்தில் என்னையும் இன்னொரு பெண்ணையும் கவுண்டருக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் உட்காரவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தேநீரை உறிஞ்சிக்கொண்டே பாடம் நடத்தினார்.

"டிக்கெட் காசு எண்ணெய்க்கும் ப்ளேன் வாடகைக்கும்தான் காணும். உங்க சம்பளம், என் சம்பளம், இந்த காத்தாடி சுத்துறது எல்லாம் அங்க இருந்துதான் வரணும்" என்று கதவுக்கு வெளியே கையைக் காட்டினார். அங்கே இருந்தது தராசு.

டிக்கெட்டைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு ஒரு கம்பெனி எப்படிப் பிழைக்கிறது என்பதை அப்புறம் நானே பார்த்துக்கொண்டேன். முன்வரிசையில் கால் நீட்டி உட்கார வேண்டுமா, அதற்குத் தனிக் காசு. சாப்பாடு உண்டு, ஆனால் அதை மேலே போனபின் வாங்க வேண்டும். வெறும் தண்ணீரும் அப்படித்தான். குளிர் தாங்காமல் போர்வை கேட்கிறவர்களுக்குப் போர்வை வாடகை. போகிற தேதியை மாற்றினால் ஒரு தொகை. இதெல்லாம் சில்லறை. பெரிய வரும்படி கூடுதல் எடையில்தான் வந்தது. ஆளுக்கு இருபது கிலோ, அதற்கு மேல் கிலோவுக்குப் பதினாறு மலேசிய வெள்ளி. சூட்கேசு கொள்ளாமல் தவிக்கிறவர்களுக்கு விற்க அட்டைப்பெட்டியும் நீல நைலான் கயிறும் கவுண்டருக்குக் கீழேயே வைத்திருந்தோம். அந்த அட்டைப்பெட்டியே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அதையும் சேர்த்து நிறுத்துத்தான் காசு கேட்போம். இதைச் செய்யும்போது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வருவது நின்றுவிட்டது.

பயணிகள் கொண்டுவராமல் விட்ட எடையும் வீணாகவில்லை. விமானத்தின் வயிற்றில் மிச்சமிருக்கிற இடத்தை மேலாளர் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு விற்றுவிடுவார். ஆர்க்கிட் பூ, வண்ணமீன் என்று ஏதாவது போகும். அதனால் ஒருவர் பெட்டியில் இரண்டு கிலோவைக் கண்டும் காணாமல் விடுவது என்பது, கம்பெனிக் கணக்கில், கையிலிருக்கிற சரக்கைத் தெருவில் கொட்டுவது மாதிரி. இதையும் அவர் பொறுமையாகத்தான் விளக்கினார்.

ஆனால் நான் விட்டேன். இரண்டு கிலோ, மூன்று கிலோ. கருணையால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. விமானம் போகிற நாளில் நூறு பேரிடம் "கூடுது" என்று சொல்ல வேண்டும். நூறு பேரும் முதலில் தராசைச் சந்தேகப்படுவார்கள். பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு என் அப்பா எந்த ஊர், நான் எந்தக் கோயிலுக்குப் போகிறேன் என்று விசாரிப்பார்கள். கொதிக்கிற வெயிலில் மூன்று சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, வியர்வை வழிய, எடை குறைந்துவிட்டது என்று பெருமையாக நிற்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். சட்டைப்பைகளில் சவர்க்காரக் கட்டிகளை அடைத்துக்கொண்டு நடக்க முடியாமல் நடந்துபோன மாமாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு மல்லுக்கட்டுவதைவிட இரண்டு கிலோவை விட்டுவிடுவது சுலபம்.

இத்தனை கூடுதல் எடை எங்கிருந்து வந்தது என்றால், அதில் பாதிக்குமேல் அவர்களுடையது இல்லை. இதை எங்கள் மேலாளர் கடைசிவரை நம்பவில்லை. பினாங்கில் ஒருவர் இந்தியாவுக்குப் போகிறார் என்ற செய்தி வெளியே தெரிந்தால் போதும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் ஒரு பொட்டலத்தோடு வந்துவிடுவார்கள். தம்பிக்கு ஒரு தைலப் போத்தல், மாமியாருக்கு ஒரு கம்பளி, யாரோ ஒரு பெரியப்பாவுக்கு ஜாதிக்காய் ஊறுகாய். தலையில் கட்டும்போது எல்லாரும் சொல்வது ஒரே வாசகம்: "ஒன்னும் கனம் இல்ல லா, சின்னப் பொட்டலம்தான்." வாங்க மாட்டேன் என்று சொல்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. இன்றைக்கு நாம் கொண்டுபோனால்தான் நாளைக்கு நம்முடையதை ஒருவர் கொண்டுபோவார். பெரும்பாலும் அந்த நாளை வருவதே இல்லை. ஆனாலும் வாங்கிக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் அப்போது அம்மாவும் நானும்தான். அப்பா புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்தவர். அவர் இறந்த பிறகு நாங்கள் பினாங்குத் தீவுப்பக்கம் வந்து ஆயர் ஈத்தாமில் ஒரு அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி இங்கே வந்தவள். நாற்பது வருடம் இங்கே இருந்தும் அவள் பேச்சு மாறவில்லை. வரும்போது கப்பலில் ஒரு கைமெசினைக் கொண்டு வந்தாள். கையால் சுற்றித் தைக்கிற தையல் மெசின். கப்பலில் யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

அந்த மெசின் அம்மாவுடையது மட்டும் இல்லை. அம்மாவுக்கு ஒரே தங்கை, எனக்குச் சின்னம்மா. அவர்களுடைய அப்பா இரண்டு பெண்களுக்குமாகச் சேர்த்து வாங்கிய மெசின் அது. அம்மாவுக்கு முதலில் கல்யாணமானது, அவள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சின்னம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் அம்மாவை நாற்பது வருடம் உறுத்தியது. எப்போது மெசினைத் துடைத்தாலும், "இது அவளுக்கும் சேத்து வாங்கினது" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் மூடுவாள்.

யாழ்ப்பாணத்தில் போர் முற்றி, சின்னம்மா நோயாளிக் கணவரோடு மெட்ராசுக்கு வந்து வளசரவாக்கத்தில் ஒற்றை அறையில் இருந்தாள். ஒரு தையல் கடையிலிருந்து ரவிக்கைகளை வாங்கி வந்து கொக்கி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கையால்தான். அவள் எழுதிய கடிதமொன்றின் கடைசியில், ஓரத்தில் நெருக்கி, இப்படி ஒரு வரி இருந்தது: "அக்கா, அந்தக் கைமெசின் இன்னும் உங்களிட்டை இருக்கோ? சும்மாதான் கேட்டனான்."

அம்மா அந்த வரியை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. கடிதத்தை என் கையில் கொடுத்து அந்த இடத்தை விரலால் தொட்டாள். மறுநாள் காலை, "எனக்கொரு டிக்கட் போடு" என்றாள். முழங்கால் வலியோடு சந்தைக்குப் போகவே யோசிக்கிறவள், தனியாக மெட்ராஸ் போகிறேன் என்றாள்.

டிக்கெட் போட்டேன். கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் பெட்டியை நானே அடுக்கினேன். மெசினை அதன் மரக்கூட்டிலிருந்து கழற்றி, அப்பாவின் பழைய கைலியில் சுற்றி நடுவில் வைத்தேன். மெசின் மட்டும் பன்னிரண்டு கிலோ. சுற்றிலும் அம்மாவின் சேலைகள், மருந்து, சின்னம்மாவுக்கு இரண்டு சேலை. மூடித் தூக்கிப் பார்த்தேன். பத்தொன்பது. ஒரு கிலோ மிச்சம் வைத்து அடுக்கியதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. "இதுக்கு மேல ஒரு குண்டூசிகூட வாங்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனேன். விமானம் மத்தியானம்தான். பக்கத்து வீட்டு அண்ணன் அம்மாவைக் காரில் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, என் வசூல் தாளையும் மற்றப் பெண்ணின் வசூல் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என்னுடையது அவளுடையதில் பாதிகூட இல்லை. நான் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"உங்களை நிரந்தரமாக்குற கடிதம் என் மேசையிலதான் இருக்கு. நான் இன்னும் கையெழுத்துப் போடல. தெரிஞ்சவங்க, வீட்டு ஆளுங்க, கோயில்காரங்க, எல்லாருக்கும் ஒரே தராசு. புரியுதா?"

புரிந்தது. தொழிற்சாலைக்குத் திரும்பிப் போக என் கண்களுக்கும் விருப்பமில்லை, எனக்கும் விருப்பமில்லை.

அம்மா வந்தபோது பதினொன்றரை மணி இருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு கையில் நான் அடுக்கிய பெட்டியையும் மறுகையில் ஓர் அட்டைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் தோள் சாய்ந்திருந்த விதத்திலேயே எடை தெரிந்தது.

"என்னம்மா இது?"

"ஒண்டும் பாரமில்லை பிள்ளை. ஆக்கள் தேடி வந்து தரேக்கை மாட்டன் எண்டு சொல்லேலுமோ?"

ஆறாம் மாடி அக்கா காலையிலேயே இரண்டு பால்மா டின்னும் பிஸ்கட் டின்னும் கொண்டுவந்திருக்கிறாள். புக்கிட் மெர்தாஜாம் கோயிலில் அப்பாவுக்குப் பழக்கமான ஒருவர் தைலப் போத்தல்களும் ஊறுகாயும் கொடுத்தனுப்பியிருக்கிறார். தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு டீச்சர், அம்மாவுக்குக் கோயில் பழக்கம், பஸ் பிடித்து, பெர்ரி ஏறி, மறுபடி பஸ் பிடித்து நேரிலேயே வந்து, மெட்ராசில் இருக்கிற தன் அண்ணனுக்கு ஒரு கம்பளியும் ஒரு டின்னும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெயரும் விலாசமும் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. அம்மா அவற்றையெல்லாம் அழகாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள்.

இரண்டையும் தராசில் வைத்தேன். முப்பத்தொன்று.

மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். எனக்காக நிற்கவில்லை. அன்றைக்கு ஆர்க்கிட் பெட்டிகள் நிறைய ஏற வேண்டியிருந்தது, மொத்த எடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் சட்டையிலிருந்து வந்த வாசனைத் திரவியம் என் கழுத்துக்குப் பின்னால் இருந்தது. நான் முன்னால் இருந்த பெண்மணியிடம், வேறு எந்தப் பயணியிடமும் பேசுகிற குரலில், "பதினொரு கிலோ அதிகம்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். சொன்னேன். சின்னம்மாவின் கையில் கொடுப்பதற்காக அவள் முடிந்து வைத்திருந்தது அதைவிடக் கொஞ்சம்தான் கூட. அதை இங்கே கொடுத்துவிட்டால் அங்கே வெறுங்கையோடு போய் நிற்க வேண்டும். என் கைப்பையில் சம்பளத்துக்கு முந்தைய வாரத்துப் பஸ் காசுதான் இருந்தது.

அந்த நேரத்தில் நான் செய்திருக்கக்கூடிய காரியம் மிகச் சின்னது. நாற்காலியைத் திருப்பி, "சார், இவங்க என் அம்மா. என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். ஏழெட்டு வார்த்தை. அந்த வார்த்தைகள் என் நாக்கு நுனிவரை வந்தன. மேசைமேல் கையெழுத்தாகாமல் கிடந்த கடிதமும் கூடவே வந்தது.

"இதுல கொஞ்சம் எடுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா வரிசையை விட்டு ஒதுங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அட்டைப்பெட்டியின் கயிற்றைத்தான் அவிழ்ப்பாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியைத் திறந்தாள். என் கையால் நான் அடுக்கிய சேலைகளை விலக்கினாள். இரண்டு கையாலும் மெசினை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. கவுண்டரை விட்டுக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "அம்மா, அந்த டின்னெல்லாம் எடுங்க. மெசினுக்காகத்தானே போறீங்க?" என்றேன்.

"அது ஆக்களின்ர சாமான், பிள்ளை. நம்பித் தந்தவை. இது என்ர சாமான்தானே. வீட்டை கொண்டு போய் வை, அடுத்த முறை பாப்பம்."

அவள் எரிச்சலோடோ வருத்தத்தோடோ சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எனக்கு நினைவுபடுத்துவது போலச் சொன்னாள். பத்தொன்பது என்று எழுதி, பெட்டிகளில் அட்டையைக் கட்டி அனுப்பினேன். உள்ளே போகிற கதவுவரை அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். முழங்கால் வலிக்கும்போது அவளால் திரும்ப முடியாது.

மெசினைக் கவுண்டருக்குக் கீழே, விற்பனை அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்று முழுக்க அது என் காலில் இடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மேலாளர் பார்த்தார்.

"என்னது அது?"

"எங்கம்மாவோடது. இன்னைக்கு மெட்ராஸ் போனாங்க. எடை கூடிப்போச்சு."

அவர் முகம் மாறியது. "அது உங்க அம்மாவா? சொல்லியிருந்தா பாத்திருப்பேன் லா" என்றார்.

பார்த்திருப்பாரா, அல்லது எல்லாம் முடிந்த பிறகு எல்லாரும் சொல்கிற மாதிரி சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆயர் ஈத்தாம் போகிற பஸ்ஸில் மெசினை மடியில் வைத்துக்கொண்டு இதையேதான் யோசித்தேன். தொடை மரத்துப்போனது.

ஒரு மாதம் கழித்து அம்மா திரும்பினாள். அந்த மாதத்தில் பத்து நாள் பொட்டலம் கொடுக்கவே போயிருக்கிறது. விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் மாறி மாறி, கேட்டுக் கேட்டுப் போயிருக்கிறாள். ஆறாம் மாடி அக்காவின் வீட்டில், "இதெல்லாம் இப்ப இங்கயே கிடைக்குதே" என்று சொல்லி டின்னை வாங்கி அலமாரிமேல் வைத்தார்களாம். ஒரு வீட்டில் ஆட்கள் குடிமாறிப் போயிருந்தார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். சின்னம்மாவைப் பற்றிக் கேட்டேன். சன்னலோரம் உட்கார்ந்து, துணியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கொக்கி தைக்கிறாள் என்றாள். மெசினைக் கொண்டுவரவில்லை என்று சொன்னதற்கு, "பறவாயில்லை அக்கா, நீங்கள் வந்ததே காணும்" என்றாளாம்.

அடுத்த முறை என்று அம்மா சொன்னது வரவில்லை. முழங்கால் அவளை விடவில்லை. பிறகு நானே அந்த மெசினுக்கு ஆள் தேடத் தொடங்கினேன். கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, இலேசான பெட்டியோடு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன். கேட்க வாய் வராது. கேட்ட இரண்டு மூன்று பேரும் பன்னிரண்டு கிலோ என்றதும் சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் தாசேக் கெலுகோர் டீச்சர்தான் சம்மதித்தார். அம்மா கொண்டுபோன கம்பளியும் டின்னும் அவருடையவை. பள்ளி விடுமுறையில், அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகிறார். எட்டு மாதம் ஓடியிருந்தது.

அவர் வந்த அன்றும் நான்தான் தராசில் இருந்தேன். இருபத்தெட்டு காட்டியது. நான் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் ஓரமாக உட்கார்ந்து பெட்டியைத் திறந்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு ரைஸ் குக்கரை எடுத்தார். கல்யாணப் பெண்ணுக்கு வாங்கியது, பளபளவென்று காகிதத்தில் சுற்றியிருந்தது. இரண்டு பட்டுச் சேலையையும் எடுத்தார்.

"டீச்சர், அதை ஏன் எடுக்கிறீங்க? மெசினை எடுங்க" என்றேன்.

"அது எப்படி தங்கச்சி? உங்கம்மா நம்பிக் குடுத்தது. இது என் சாமான்தானே, பாத்துக்கலாம் லா."

அம்மா தரையில் உட்கார்ந்திருந்த அதே இடம். கிட்டத்தட்ட அதே வார்த்தை. அம்மாவின் கையில் சொந்தச் சாமானாக இருந்தவரை போகமுடியாத மெசின், இன்னொருவர் கையில் பிறர் சாமானாக மாறியதும் யாராலும் இறக்கிவைக்க முடியாததாகிவிட்டது. இந்த மனிதர்களோடு என்ன செய்வது என்று எனக்கு அலுப்பாக இருந்தது. அழுகையும் வந்தது.

எழுந்து மேலாளரிடம் போனேன். அப்போது என் வேலை நிரந்தரமாகியிருந்தது. தைரியம் அதனால்தான் வந்தது, வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

"சார், எங்க வீட்டுச் சாமான் ஒன்னு அவங்க பெட்டியில இருக்கு. எட்டு கிலோ கூடுது. என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

அவர் கையிலிருந்த தாளிலிருந்து நிமிரக்கூட இல்லை. "ரெண்டு கிலோவ விட்டுடுங்க. ஆறு கிலோவுக்கு மட்டும் எழுதுங்க, மாசக் கடைசியில சம்பளத்துல பொத்தோங் பண்ணிக்கலாம். இதுக்கா இப்படி நிக்கிறீங்க?"

அவ்வளவுதான். ஒரு மிடறு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. டீச்சர் குக்கரையும் சேலைகளையும் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு போனார். நான் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, அடுத்த ஆளின் பெட்டியைத் தராசில் வைக்கச் சொன்னேன். அன்றைக்கு யாருக்கும் அரைக் கிலோகூட விடவில்லை. யார்மேல் கோபம் என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபமாக இருந்தேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு மெட்ராசிலிருந்து கடிதம் வந்தது. உறையின்மேல் இருந்தது சின்னம்மாவின் எழுத்து இல்லை. எனக்கு அன்று விடுமுறை. மத்தியான வெயில் அடுக்குமாடி நடைபாதையில் விழுந்துகொண்டிருந்தது. அம்மா கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன்.

"அக்கா, எழுத்து வேறயாய் இருக்கெண்டு யோசிக்காதேங்கோ. வீட்டுக்காரரின்ர மகள் எழுதித் தாறா. மெசின் பத்திரமாய் வந்து சேந்தது. அந்த டீச்சர் நல்ல மனுசி. எனக்கு இடக்கண் முழுக்கப் போயிட்டுது, வலக்கண்ணும் மங்கல்தான். சுகர் எண்டு சொல்லினம், பிந்தி வந்திட்டீங்கள் எண்டும் சொல்லினம். மெசினை மடியிலை வைச்சுக் கைபிடியைச் சுத்திப் பாத்தனான். சத்தம் அப்பிடியே இருக்கு. ஊசியிலை நூல் கோக்கத்தான் ஏலாமல் கிடக்கு."

அதற்குமேல் நலம் விசாரிப்பும் மழை பற்றிய செய்தியும் இருந்தன. அம்மா கடிதத்தைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர்கள் சர்க்கரை என்று சொன்னதை நான் இரண்டு முறை சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கண்முன்னால் இருந்தது சன்னலோரமும் கொக்கியும்தான்.

பிறகு கேட்டாள்: "அண்டைக்கு நீ உங்கட பெரியவரிட்டைக் கேட்டிருந்தா, விட்டிருப்பாரோ?"

எனக்கு விடை தெரியும். ஒரு மாதத்துக்கு முன்னால், தாளிலிருந்து நிமிராமல், அவர் வாயாலேயே அது எனக்குக் கிடைத்திருந்தது. அம்மாவுக்கு அது தெரியாது. சம்பளத்தில் பிடித்ததை நான் வீட்டில் சொல்லவில்லை.

"இல்லம்மா" என்றேன். "விட்டிருக்க மாட்டார். ரொம்பக் கண்டிப்பான ஆள்."

அம்மா தலையை ஆட்டினாள். "அப்ப பிழை என்னிலைதான். அந்த டின்னுகளிலை நாலைஞ்சை இறக்கி வைச்சிருக்கோணும். நான்தான் அவளின்ர சாமானை என்ர சாமான் எண்டு நினைச்சிட்டன்."

பிழை அவளுடையது இல்லை என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. சோறு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். சோறு இன்னும் கொதிக்கக்கூட இல்லை.

அதன் பிறகு அம்மா சில வருடம் இருந்தாள். கம்பெனி அவளுக்கு முன்பே மூடிப்போயிற்று. சின்னம்மாவின் பேச்சு வரும்போதெல்லாம், வீட்டுக்கு யார் வந்திருந்தாலும், "அவளின்ர மெசினைப் பிளேன் ஏறுற இடத்திலை இறக்கி வைச்சிட்டுப் போனவள் நான்" என்று அம்மா ஒருமுறை சொல்லிவிடுவாள். வந்தவர்கள், அதனாலென்ன அக்கா, எடை கூடினால் என்ன செய்வது என்று சமாதானம் சொல்வார்கள். நான் அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதே அறையில் உட்கார்ந்திருப்பேன்.